கோட்டை இல்லாத சின்னம்: இடிக்கப்பட்ட அப்டன் பார்க் மைதானத்தின் கதை

லண்டனில் சொந்தக்காரர் இருக்கிற வீடுகளில் அடிக்கடி அடிபடுகிற ஒரு ஊர்ப்பேர் ஈஸ்ட் ஹாம். தமிழ்க் கடைகள், நகைக் கடைகள், கொத்துரொட்டிக் கடைகள், பக்கத்து மனோர் பார்க்கில் முருகன் கோயில் கோபுரம் எண்டு அந்தப் பக்கம் போனா ஊருக்கு வந்த மாதிரி இருக்கும் எண்டு போய்வந்த ஆக்கள் சொல்லுவாங்க. அந்தக் கடைத்தெருவிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் 112 வருசமாக ஒரு உதைபந்தாட்ட மைதானம் இருந்தது. 1966ல் இங்கிலாந்து உலகக் கிண்ணத்தை வென்றபோது அணித்தலைவராக இருந்த பொபி மூர் அந்த மைதானத்து வீரர். இறுதியாட்டத்தில் இங்கிலாந்து அடித்த நாலு கோல்களையும் அடித்த ஜெஃப் ஹேர்ஸ்ட், மார்ட்டின் பீற்றர்ஸ் ரெண்டு பேரும் அந்த மைதானத்து வீரர்கள்தான். இப்ப அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிக்குது.

மைதானத்தின் பேர் போலின் கிரவுண்ட். ஊர் வழக்கில் அப்டன் பார்க். கழகத்தின் பேர் வெஸ்ட் ஹாம் யுனைட்டட்.

பிரீமியர் லீக் பார்க்கிற எங்கட ஆக்களுக்கு வெஸ்ட் ஹாமைத் தெரியும். அவங்கட மைதானம் இடிபட்டதும் கனபேருக்குத் தெரியும். அதைப்பற்றி ஆங்கிலத்தில் வந்த எழுத்தில் பெரும்பகுதி ஒரே ராகம்: "எங்கட வீடு போயிற்று." அந்தக் கவலை பொய்யில்லை. ஆனா அந்த மைதானத்தைச் சுத்தி வாழ்ந்த ஆசிய, தமிழ்க் குடும்பங்களின் பக்கத்திலிருந்து பார்த்தா கதை வேற மாதிரித் தெரியுது. ஒரு மைதானத்தை இடிக்கும்போது யாருடைய எது இல்லாமல் போகுது? இந்தக் கட்டுரை அதைத்தான் கேட்கப் பார்க்குது.

கப்பல் பட்டறையில் தொடங்கினது

தேம்ஸ் ஆற்றோடு லீ ஆறு வந்து சேருகிற இடத்தில் 'தேம்ஸ் அயன்வேர்க்ஸ்' எண்ட பெரிய கப்பல் கட்டும் பட்டறை இருந்தது. பிரிட்டிஷ் கடற்படையின் முதலாவது இரும்புக் கவசப் போர்க்கப்பலான 'வொரியர்' 1860ல் அங்கேதான் நீரில் இறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் வெஸ்ட் ஹாம் லண்டனுக்குள் சேராது. நகர எல்லைக்கு வெளியே, எசெக்ஸ் பக்கம் இருந்த புறநகர். லண்டனுக்குள்ள வைக்க விரும்பாத நாத்தமும் புகையும் உள்ள தொழில்கள் எல்லாம் ஆற்றைத் தாண்டி அங்கே குவிஞ்சுது. தொழில் வந்தா தொழிலாளி வருவான். தொழிலாளிக்காக வரிசை வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டின சின்ன வீடுகள் எழும்பிச்சு.

அந்தப் பட்டறையின் முதலாளி ஆர்னல்ட் ஹில்ஸ். இந்த ஆளை எங்கட ஆக்கள் சிலர் வேறொரு இடத்தில் சந்திச்சிருப்பாங்க. காந்தியின் சுயசரிதையில் லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் தலைவராக ஒரு ஹில்ஸ் வருவாரே, அவரேதான். அந்தச் சங்கத்தின் செயற்குழுவில் இளம் காந்தியும் இருந்தார். கருத்தடையை ஆதரிச்ச டொக்டர் அலின்சனைச் சங்கத்தை விட்டு நீக்கவேணும் எண்டு ஹில்ஸ் நிண்டார். காந்திக்கும் அலின்சனின் கருத்து பிடிக்காது. ஆனா அதற்காக ஒருவரை நீக்கக்கூடாது எண்டு எதிர்ப்பக்கம் நிண்டார். ஹில்ஸ் மாமிசம் தொடாதவர், குடிக்காதவர், தன்னிடம் வேலை செய்யிறவர்களும் ஒழுங்காக இருக்கவேணும் எண்டு நினைச்சவர். பட்டறையில் வேலைநிறுத்தங்கள் வந்து போன காலத்தில், தொழிலாளரை ஒண்டாக வைச்சிருக்க அவர் உருவாக்கின பல விசயங்களில் ஒண்டு 1895ல் தொடங்கின உதைபந்தாட்டக் கழகம். அதாவது, கழகத்தின் தொடக்கமே தொழிலாளியின்ட ஆசையும் முதலாளியின்ட தேவையும் கலந்த ஒண்டு.

காசு வாங்கி விளையாடுகிற தொழில்முறை ஆட்டம் ஹில்ஸுக்குப் பிடிக்கவில்லை. ஆனா காலம் அந்தப் பக்கம்தான் போச்சு. 1900ல் பழைய கழகம் கலைக்கப்பட்டு வெஸ்ட் ஹாம் யுனைட்டட் எண்ட பேரில் புதுக் கம்பனியாக மாறிச்சு. பட்டறை 1912ல் மூடுப்பட்டது. கப்பல் போனாலும் சம்மட்டி மிஞ்சிச்சு: கழகச் சின்னத்தில் குறுக்காக இருக்கிற ரெண்டு சம்மட்டிகளும் கப்பல் தகட்டில் ஆணி அடிக்கிற சம்மட்டிகள்தான்.

வாடகைக்கு எடுத்த கோட்டை

ஹில்ஸின் நிலத்தில் விளையாடிய கழகத்துக்கு 1904ல் புது இடம் தேவைப்பட்டது. அப்டன் பார்க்கில் கிரீன் ஸ்ட்ரீட் எண்ட தெருவில் ஒரு பழைய மாளிகையும் அதைச் சுத்தி வெறுங்காணியும் இருந்தன. கத்தோலிக்கத் திருச்சபையின் கையில் இருந்த இடம். கழகம் வாடகைக்கு எடுத்தது. 1904 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் ஆட்டம், மில்வோல் அணியோடு. வெஸ்ட் ஹாம் 3-0.

அந்த மாளிகையின் ஒரு மூலையில் செங்கல் கோபுரம் ஒண்டு இருந்தது. எட்டாவது ஹென்றி மன்னனின் ரெண்டாவது மனைவியான ஆன் போலின் அங்கே தங்கினார் எண்டு ஊரில் ஒரு கதை. உறுதியான ஆதாரம் இல்லாத கதை. எங்கட பக்கத்திலும் ஒவ்வொரு பழைய கட்டடத்துக்கும் ஒரு ராசா கதை இருக்கும்தானே. அப்பிடித்தான். ஆனா கதை ஒட்டிக்கொண்டது. மாளிகைக்குப் 'போலின் கோட்டை' எண்டு பேர் வந்தது, மைதானத்துக்கும் அதே பேர். கழகச் சின்னத்திலும் சம்மட்டிகளுக்குப் பின்னால் ஒரு கோட்டை ஏறிச்சு.

உண்மையான கோட்டையை 1955ல் இடிச்சுப் போட்டாங்க. அதற்குப் பிறகும் அறுபது வருசம் சின்னத்தில் கோட்டை இருந்தது. 2016ல் கழகம் இடம் மாறினபோது சின்னத்தையும் மாத்தினாங்க: கோட்டையை எடுத்துவிட்டு, கீழே 'லண்டன்' எண்டு போட்டாங்க. கட்டடம் இடிபட்டும் கோட்டை சாகவில்லை. மைதானத்தை விட்டு வெளிக்கிட்ட பிறகுதான் அது போனது.

தகரக் கொட்டகையும் குண்டும்

மைதானத்தின் கிழக்குப் பக்கத்தில் மரமும் தகரமும் வைச்சுக் கட்டின ஒரு கொட்டகை இருந்தது. ஆக்கள் அதை 'சிக்கன் ரன்' எண்டு கூப்பிட்டாங்க. கோழிக்கூடு எண்டு வைச்சுக்கொள்ளுங்க. கோட்டுக்குப் பக்கத்திலேயே ஆக்கள் நெருக்கியடிச்சு நிப்பாங்க. பந்து வெளியே போனா எடுத்து எறிய வருகிற எதிரணி வீரனின் காதுக்குள்ளயே கத்தலாம். 1968ல் அதை உடைச்சு அடுத்த வருசம் புது மேடை கட்டினாங்க. ஆனா பழைய ஆக்களின் வாயில் கிழக்குப் பக்கம் கடைசிவரைக்கும் 'சிக்கன் ரன்'தான்.

ரெண்டாம் உலகப் போரில் கிழக்கு லண்டன் துறைமுகம் இருந்த பகுதி, அதனால் குண்டு மழை. 1944 ஓகஸ்டில் ஜேர்மனியின் வி-1 பறக்கும் குண்டு ஒண்டு மைதானத்தின் தென்மேற்கு மூலையில் விழுந்தது. மாதக்கணக்கில் வெஸ்ட் ஹாம் தன் எல்லா ஆட்டங்களையும் வெளியிடங்களில் விளையாடிச்சு. பிறகு திருத்திக்கொண்டு திரும்பி வந்தாங்க. எதிரியின் குண்டு இடிக்காத மைதானத்தைத்தான் எழுபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு சொந்தக் கழகமே வித்தது.

அதிகமான ஆக்கள் வந்தது 1970 ஒக்டோபர் 17, டொட்டன்ஹாமோடு நடந்த ஆட்டத்துக்கு: 42,322 பேர். பத்து வருசம் கழிச்சு, 1980 ஒக்டோபர் 1ஆம் திகதி, ஐரோப்பியக் கிண்ணப் போட்டியொண்டில் ரியல் மட்ரிட்டின் ரெண்டாம் அணியான கஸ்டிலாவோடு ஆட்டம். அண்டைக்கு இருந்தது 262 பேர். மட்ரிட்டில் நடந்த முதல் ஆட்டத்தில் வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் செய்த குழப்பத்துக்குத் தண்டனையாகக் கதவைப் பூட்டி விளையாட வைச்சாங்க. வெறும் மைதானத்தில் வீரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்க வெஸ்ட் ஹாம் 5-1 எண்டு வென்றது. கொரோனா காலத்தில் நாங்கள் பார்த்த ஆளில்லாத ஆட்டங்களை அவங்க நாப்பது வருசத்துக்கு முதலே பார்த்துவிட்டாங்க.

வாசலுக்கு வெளியில

இந்த 42,322 பேரும் எங்கே இருந்து வந்தாங்க? தொடக்கத்தில் அந்தத் தெருக்களில் இருந்துதான். ஆனா போருக்குப் பிறகு கிழக்கு லண்டனின் வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாக எசெக்ஸ் பக்கம் குடிபெயர்ந்தன. லண்டன் துறைமுகங்கள் ஒவ்வொண்டாக மூடுப்பட்டு 1981ல் றோயல் டொக்ஸும் நிண்டுபோச்சு. காலியான மலிவு வீடுகளில் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், கரீபியன் ஆக்கள் வந்து இருந்தாங்க. 1983 யூலைக்குப் பிறகு எங்கட ஆக்களும் வந்து சேர்ந்தாங்க. 2011 சனத்தொகைக் கணக்கெடுப்பில், அந்தப் பகுதி இருக்கிற நியூஹாம் மாநகரத்தில் வெள்ளை பிரித்தானியர் 16.7 வீதம் மட்டும். முழு இங்கிலாந்திலும் ஆகக் குறைஞ்ச வீதம் அதுதான்.

ஆகவே கடைசி முப்பது வருசமும் நடந்தது இது: ஆட்டம் இல்லாத நாட்களில் கிரீன் ஸ்ட்ரீட் சாறிக் கடையும் நகைக் கடையும் குயின்ஸ் சந்தையுமாக ஒரு தெற்காசியத் தெரு. ஆட்டம் இருக்கிற நாளில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரெயிலில் ஆயிரக்கணக்கில் ஆக்கள் வந்து இறங்கி, தங்கட தாத்தா வாழ்ந்த தெருவால நடந்து, ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனாங்க. மைதானத்தை 'வீடு' எண்டு கூப்பிட்டவர்கள் அங்கே குடியிருக்கவில்லை. குடியிருந்தவர்களில் கனபேர் மைதானத்துக்குள்ள போகவில்லை.

ஏன் போகவில்லை எண்டதற்கும் ஒரு வரலாறு இருக்கு. 1970களில் 'நாஷனல் ஃபிரண்ட்' எண்ட இனவாதக் கட்சிக்கு அந்தப் பகுதி ஒரு கோட்டை. 1974 மே மாதம் நடந்த நியூஹாம் சவுத் இடைத்தேர்தலில் அவங்க 11.5 வீதம் வாக்கு எடுத்து, கொன்சவேட்டிவ் கட்சியை நாலாம் இடத்துக்குத் தள்ளினாங்க. அப்டன் பார்க் வாசலில் நிண்டு தங்கட பத்திரிகையை வித்து, இளம் ரசிகர்களை ஆள் சேர்த்தாங்க. 1980 யூலையில் அக்தர் அலி பெய்க் எண்ட இளைஞர் ஈஸ்ட் ஹாமில் இனவெறிக் கும்பல் ஒண்டால் கொல்லப்பட்டார். ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினாங்க. தாக்கப்பட்டவர்களுக்கு உதவ 'நியூஹாம் மொனிட்டரிங் புரொஜெக்ட்' அந்த வருசம்தான் உருவாகிச்சு. இதெல்லாம் மைதானம் செய்த குற்றம் எண்டு சொல்ல வரல்ல. ஆனா அதே தெருவில், அதே காலத்தில் நடந்தது. சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் கூட்டமாக ஆக்கள் பாடிக்கொண்டு வரும்போது தன் கடைக்குள் நிக்கிற ஒரு ஆசிய முதலாளிக்கு அந்தப் பாட்டு எப்பிடிக் கேட்டிருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க.

மைதானத்துக்கு உள்ளே நடந்த கதை இன்னும் சிக்கலானது. 1972 ஏப்ரல் 1ஆம் திகதி டொட்டன்ஹாமோடு நடந்த ஆட்டத்தில் கிளைட் பெஸ்ட், கிளைவ் சார்ள்ஸ், அடே கோக்கர் எண்ட மூண்டு கறுப்பின வீரர்களை வெஸ்ட் ஹாம் இறக்கிச்சு. இங்கிலாந்தின் முதல்தர லீக்கில் ஒரு அணியில் மூண்டு கறுப்பின வீரர்கள் ஒண்டாக விளையாடினது அதுதான் முதல் தரம். அதே கிளைட் பெஸ்டுக்கு, மைதானத்துக்குள் ஓடி வரும்போது முகத்தில் அசிட் ஊத்துவோம் எண்டு பேரில்லாத கடிதமும் வந்தது. பெர்முடாவிலிருந்து பதின்வயதில் வந்தவர், பயத்தோடு ஓடி வந்து அண்டைக்கும் விளையாடினார். நாட்டுக்கே முன்னோடியாக இருந்த மைதானமும் அந்த மிரட்டல் வந்த மைதானமும் ஒண்டுதான். வரலாறு எழுதும்போது ஒண்டை எடுத்து மற்றதை விட்டால் அது வரலாறு இல்லை, விளம்பரம்.

தெற்காசியப் பிள்ளைகள்? வீட்டுக்குப் பக்கத்தில் பிரீமியர் லீக் மைதானம் இருந்தும் அந்தப் பச்சைச் சட்டத்துக்குள் கால் வைச்சவர்கள் மிகக் குறைவு. பங்களாதேஷ் வம்சாவளியில் வந்த அன்வர் உதீன் 1999ல் எஃப்.ஏ. இளையோர் கிண்ணத்தை வென்ற வெஸ்ட் ஹாம் இளையோர் அணியில் இருந்தார். ஆனா கழகத்தின் முதல் அணிக்காக ஒரு லீக் ஆட்டமும் ஆடக் கிடைக்கவில்லை. பிறகு பக்கத்து டகனம் அண்ட் ரெட்பிரிட்ஜ் கழகத்துக்குத் தலைவராகி, 2007ல் அந்த அணியை முதல் முறையாக லீக்குக்குள் கொண்டு போனார்.

கதிரைக்கு வந்த விலை

மைதானத்தின் முடிவு 2016ல் தொடங்கவில்லை. 1989ல் ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிபட்டு ஆக்கள் செத்தாங்க. இறந்தவர் எண்ணிக்கை இண்டைக்குக் கணக்கில் 97. அதற்குப் பிறகு வந்த டெய்லர் அறிக்கை, பெரிய மைதானங்களில் நிண்டு பார்க்கிற மேடைகளை எடுத்து எல்லாவற்றுக்கும் கதிரை போடச் சொல்லிச்சு. உயிரைக் காப்பாத்துகிற முடிவு. ஆனா கதிரைக்கான காசு யார் குடுக்கிறது?

வெஸ்ட் ஹாம் 1991ல் ஒரு வழி கண்டுபிடிச்சுது. ரசிகர்கள் நூற்றுக்கணக்கான பவுண் குடுத்து ஒரு பத்திரம் வாங்கவேணும். அந்தப் பத்திரம் இருந்தால்தான் பிறகு வருடாந்த ரிக்கெட் வாங்கிற உரிமை. ரிக்கெட்டுக்கு வேற காசு. சனம் கொதிச்சுப் போச்சு. ஆட்டத்துக்கு நடுவில் மைதானத்துக்குள் இறங்கி இருந்தாங்க, பலூன் பறக்க விட்டாங்க. பத்திரம் பெரிசாக விலைப்படவில்லை. ஆனாலும் மேடைகள் ஒவ்வொண்டாக மாறிச்சு. 1993 பெப்ரவரியில் பொபி மூர் புற்றுநோயால் காலமானார். தெற்குப் பக்கத்தில் எழும்பின புது மேடைக்கு அவர் பேர் வைச்சாங்க. 2001ல் மேற்குப் பக்கத்தில் பெரிய மேடை வந்தது. அதன் முகப்பில் ரெண்டு கோட்டைக் கோபுரம் மாதிரிக் கட்டினாங்க. உண்மைக் கோட்டையை இடிச்சு, நாப்பத்தாறு வருசம் கழிச்சு அதே காணியில் பொய்க் கோட்டை.

கதிரை போட்டதோடு கொள்ளளவு 35,000 அளவில் நிண்டுபோச்சு. மூண்டு பக்கமும் வீடுகள், தெருக்கள், தேவாலயம். பிரீமியர் லீக்கின் காசுக் கணக்குக்கு 35,000 காணாது எண்டு முதலாளிமார் முடிவெடுத்தாங்க.

விற்பனை

மூண்டு மைல் தூரத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டில் 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டின அரங்கம் சும்மா கிடந்தது. 2013ல் அதை 99 வருசக் குத்தகைக்கு வெஸ்ட் ஹாமுக்குக் குடுக்க முடிவாச்சு. வருசத்துக்கு ரெண்டரை மில்லியன் பவுண் அளவில் வாடகை. ஓட்டப்பந்தய அரங்கை உதைபந்தாட்டத்துக்கு மாத்த முடிஞ்ச செலவு கடைசியில் 323 மில்லியன் பவுண். அதில் வெஸ்ட் ஹாம் போட்டது 15 மில்லியன். மிச்சத்தில் பெரும்பங்கு பொதுப்பணம். நியூஹாம் மாநகர சபை மட்டும் 40 மில்லியன் பவுண் போட்டு, பிறகு அந்த முதலீட்டைக் கைவிட்டுக் கணக்கை மூடிச்சு. இங்கிலாந்தின் மிக ஏழை மாநகரங்களில் ஒண்டு அது எண்டதை மறக்கவேண்டாம்.

பழைய மைதானம் கலியார்ட் எண்ட கட்டட நிறுவனத்துக்குப் போனது. அங்கே 840க்குச் சற்று மேலான வீடுகள் கட்டத் திட்டம். தொடக்கத் திட்டத்தில் 'கட்டுப்படியான' வீடுகள் நூற்றுக்கு ஆறு அளவில்தான். எல்லாமே சமூக வீடுகளாக இருக்கவேணும் எண்டு ஊர் ஆக்கள் இயக்கம் நடத்தினாங்க. கையெழுத்து வாங்கினாங்க, ஊர்வலம் போனாங்க. கடைசியில் நாலில் ஒண்டு எண்டு முடிவாகி 2016ல் அனுமதி கிடைச்சுது. இந்த 'கட்டுப்படியான' எண்ட சொல்லையும் கவனிக்கவேணும். அந்தக் காலத்து பிரித்தானியச் சட்டப்படி, சந்தை வாடகையின் 80 வீதம் வரைக்கும் இருந்தாலும் அது கட்டுப்படியான வீடுதான். லண்டனில் சந்தை வாடகையின் 80 வீதம் கடைச் சம்பளத்தில் வாழுகிற ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா எண்டு லண்டனில் இருக்கிற உங்கட மாமாவிடம் கேட்டுப் பாருங்க.

2016 மே 10. கடைசி ஆட்டம் மன்செஸ்டர் யுனைட்டட்டோடு. தெரு நிரம்பி வழிஞ்சுது. எதிரணி வந்த பஸ்ஸுக்குப் போத்தல் எறிஞ்சதால் ஆட்டம் 45 நிமிசம் பிந்தித் தொடங்கிச்சு. அழுகையும் அட்டகாசமும் ஒண்டாக வந்த ராத்திரி. 3-2 எண்டு வெஸ்ட் ஹாம் வென்றது. கடைசிக் கோல் வின்ஸ்டன் ரீட் தலையால் அடிச்சது.

இடிக்கிறதற்கு முதல் ஒரு சண்டைப்படம் எடுக்கிறவர்களுக்கு மைதானத்தைக் குடுத்தாங்க. 'ஃபைனல் ஸ்கோர்' எண்ட படம், 2018ல் வந்தது. வெடிக்கிற காட்சிகளை உண்மையாகவே அங்கே வெடிக்க வைச்சு எடுத்தாங்க. அதற்குப் பிறகு இயந்திரங்கள் வந்தன. 2017ல் வேலை முடிஞ்சுது.

யாருக்கு நட்டம்?

கழகத்துக்கு நட்டமா? ஒரு பக்கம் பார்த்தால் இல்லை. புது அரங்கத்தில் 60,000க்கு மேல் ஆக்கள் வருகிறாங்க. 2023 யூன் 7ஆம் திகதி பிராக் நகரில் பியோரென்டினாவை 2-1 எண்டு வென்று ஐரோப்பிய கொன்ஃபரன்ஸ் லீக் கிண்ணத்தைத் தூக்கினாங்க. 1980க்குப் பிறகு வந்த முதல் பெரிய கிண்ணம். மறுபக்கம், அந்த அரங்கத்தில் ரசிகருக்கும் கோட்டுக்கும் இடையில் பெரிய இடைவெளி. 2018 மார்ச்சில் பேர்ன்லியோடு தோத்த அண்டு ஒரு ரசிகர் மூலைக்கொடியைப் பிடுங்கிக்கொண்டு போய் மைதானத்தின் நடுவில் நட்டுவைச்சுவிட்டு நிண்டார். 'சிக்கன் ரன்'னில் வளர்ந்த ஒரு கூட்டத்தின் கோபம் அது.

வெளியே இருந்த சின்ன வியாபாரிகளுக்கு நட்டம் நேரடியானது. வருசத்தில் இருபது இருபத்தைஞ்சு நாள்தான் ஆட்டம். ஆனா அந்த நாட்களை நம்பித்தான் சாப்பாட்டுக் கடையும் மதுக்கடையும் வழியில் சால்வை விக்கிறவனும் வருசக் கணக்கைப் போட்டான். அப்பிடிப்பட்ட வருமானத்துக்கு யாரும் நட்டஈடு குடுக்கிறதில்லை.

ஆசியக் குடும்பங்களுக்கு? இங்கேதான் எனக்கு எளிதான பதில் கிடைக்கவில்லை. ஆட்ட நாளில் தெரு மறிபடுகிறது, கடைக் கதவைப் பாதி இறக்கிறது, பிள்ளைகளை வீட்டுக்குள்ள கூப்பிடுகிறது எல்லாம் நிண்டுபோச்சு எண்டு நிம்மதியடைஞ்சவர்கள் நிச்சயம் இருப்பாங்க. அந்த நிம்மதிக்கு நியாயமான காரணம் இருக்கு. அதே நேரம், மைதானம் கடைசிப் பத்துப் பதினைஞ்சு வருசத்தில் மெதுவாக மாறிக்கொண்டும் இருந்தது. இனவெறிக்கு எதிரான இயக்கங்கள் உள்ளே வந்தன. வெஸ்ட் ஹாம் சட்டை போட்ட தமிழ்ப் பிள்ளையும் வங்காளப் பிள்ளையும் அந்தத் தெருவில் வளர்ந்தாங்க. அந்தப் பிள்ளைகள் உள்ளே போகத் தொடங்குகிற நேரத்தில்தான் கதவு மூடுப்பட்டது. வாசலால் வரவிடாத ஒரு வீடு கடைசியில் கதவைத் திறக்கிற நேரம் பார்த்து அதை வித்துவிட்ட மாதிரி.

சரி, வித்த காணியில் வந்ததாவது அவர்களுக்கு எண்டு இருந்ததா? நாலில் மூண்டு வீடு சந்தை விலைக்கு. மைதானம் அவர்களை வெளியே வைச்சது பயத்தால். புது வீடுகள் வெளியே வைக்கிறது விலையால். பயத்துக்கு எதிராக ஊர்வலம் போகலாம், போனாங்க, கொஞ்சம் வென்றாங்க. விலைக்கு எதிராகப் போன ஊர்வலம் ஆறு வீதத்தை இருபத்தைஞ்சு ஆக்கிச்சு. அதுவும் வெற்றிதான், ஆனா காணி திரும்பி வராது.

இதில் ஒரு விதிவிலக்கையும் சொல்லவேணும். மைதானத்துக்குக் கொஞ்சத் தூரத்தில் அதே கிரீன் ஸ்ட்ரீட்டில் இருக்கிற குயின்ஸ் சந்தையையும் இடிச்சு உயர்மாடி கட்ட ஒரு திட்டம் இருந்தது. வியாபாரிகளும் அங்கே சாமான் வாங்கிற எல்லா இனத்து ஆக்களும் சேர்ந்து வருசக்கணக்கில் எதிர்த்தாங்க. 2009ல் அந்தத் திட்டம் நிராகரிக்கப்பட்டது. சந்தை தப்பிச்சுது, மைதானம் தப்பவில்லை. எனக்குத் தெரியிற ஒரு காரணம்: சந்தைக்கு வருகிறவனும் பக்கத்தில் குடியிருக்கிறவனும் ஒரே ஆள். மைதானத்தை நேசிச்சவன் எசெக்ஸில் இருந்தான், பக்கத்தில் இருந்தவனுக்கு மைதானத்தை நேசிக்க யாரும் இடம் குடுக்கவில்லை. ரெண்டு பேரும் ஒண்டாகச் சேர்ந்து நிக்கிற நாள் வரவேயில்லை.

எங்கட பக்கம்

இதைக் கல்லடியில் இருந்து ஏன் எழுதவேணும்?

கல்லடிப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்க. 1924ல் கட்டின பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2013ல் புதுப் பாலம் திறந்தாங்க. பழையதை உடைக்கல்ல. புதுசு வந்தா பழசு போகத்தான் வேணும் எண்டது இயற்கை விதி இல்லை, யாரோ எடுக்கிற முடிவு எண்டதற்கு எங்கட கண்ணுக்கு முன்னாலேயே சாட்சி நிக்குது.

அடுத்தது மைதானம். பாலத்தைத் தாண்டிப் போனா வெபர் மைதானம். நியூ ஓர்லியன்ஸில் இருந்து வந்து, புனித மிக்கேல் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை விளையாட்டுக்குப் பழக்கின இயேசுசபைத் துறவி ஹரோல்ட் வெபரின் பேர் அதற்கு. பேர் எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒரு மைதானத்தின் வரலாறு பேர்ப்பலகையோடு முடியாது. காணி முதலில் யாருடையது, எந்த வருசம் எப்பிடி மைதானமாச்சு, யுத்த காலத்தில் அங்கே யார் நிண்டாங்க, எந்தச் சமூகத்துப் பிள்ளைகள் எப்ப உள்ளே வந்தாங்க, பொம்பிளைப் பிள்ளைகள் எப்ப வந்தாங்க, வாசலில் கடலை வித்தவர் யார்? அப்டன் பார்க்குக்கு நான் கேட்ட கேள்விகள் எல்லாம் இங்கேயும் பொருந்தும்.

கடற்கரைப் பக்கம் போனா இன்னும் கேள்வி இருக்கு. 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு நாவலடி, டச்பார், திருச்செந்தூர்ப் பக்கம் போன உயிர்களையும் வீடுகளையும் எண்ணினோம், எண்ணத்தான் வேணும். பின்னேரத்தில் பொடியன்கள் பந்தடிச்ச மணல்வெளி எந்தக் கணக்கில் வரும்? உறுதி இல்லாத, பேர் இல்லாத விளையாட்டு வெளிகள் ஊருக்கு ஊர் இருக்கு. காணி விலை ஏறும்போது முதலில் வேலி விழுகிறது அதற்குத்தான்.

வெஸ்ட் ஹாமுக்கு எழுத ஆயிரம் பேர் இருக்கிறாங்க. எங்கட கிரவுண்டுகளுக்கு அப்பிடி இல்லை. உங்கட ஊரில் பழைய கழகத்தில் விளையாடின ஒரு அப்பா, ஒரு பெரியப்பா, வாசலில் கடை வைச்சிருந்த ஒரு அம்மம்மா இருந்தா, போனில் குரலையாவது பதிவு செஞ்சு வையுங்க. ஆர் விளையாடினது எண்டு கேட்கும்போது, ஆரை விளையாட விடல்ல எண்டதையும் சேர்த்துக் கேளுங்க. எழுதி அனுப்புங்க, ஒண்டாகச் சேர்த்துப் போடுவோம்.